தொட்டித் தண்ணீர்

பெருமாள்மலை
4.5.2025

அன்புள்ள அண்ணா,

நான் சுகமாக வந்து சேர்ந்து, சுகமாகவே இருக்கிறேன். நீயும் மதினியும் எப்படி இருக்கிறீர்கள்? ஜோவிதாவுக்கு நாலு மாதம் முடிந்திருக்குமே, குப்புற விழுகிறாளா?

மடத்துக்கு வந்து பத்து நாள் ஆகிறது. முதல் வருடம் போன் கிடையாது, வீட்டுக்கு வரவும் முடியாது, மாதத்துக்கு இரண்டு கடிதம்தான். நாள் முழுக்க வாட்ஸப்பில் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவளுக்கு இது சரியான தண்டனை. போன சீசனில் ஐந்தருவி லாட்ஜில் யாரோ பக்கெட்டோடு விட்டுவிட்டுப் போன மூன்று ஆமைகளை நான் தூக்கிக்கொண்டு வந்தபோது, "இதுக்கு நீ மடத்துக்கே போயிருக்கலாம்" என்றாய். ஆமையும் உன் தலையில் விழுந்தது, நானும் மடத்துக்கு வந்துவிட்டேன்.

பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு வந்த பன்னிரண்டு குறிப்புகளையும் படித்தாயா? உன்னை நம்ப முடியாது, அதனால் முக்கியமானதை மறுபடி எழுதுகிறேன். இந்த ஆமைகளின் வயிற்றில் ஒரு கிருமி உண்டு. அவற்றுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, ஆனால் கைக்குழந்தைக்கு ஆபத்து. தொட்டியைத் தொட்டால் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவு. தொட்டியை அடுப்படிக்குள் கொண்டுபோகாதே, பின்வாசலிலேயே கழுவு. மதினி தொடவே வேண்டாம். புதுத் தண்ணீரை முந்தின நாளே பிடித்து வை. பழைய தண்ணீரை வீணாக்காமல் செடிகளுக்கு ஊற்று, நல்ல உரம். எட்டாவது குறிப்பில் இருக்கிறது.

யார் என்ன சொன்னாலும் சிற்றாற்றில் மட்டும் விட்டுவிடாதே. இவை வெளிநாட்டு இனம். ஆற்றில் பெருகினால் நம்மூர் ஆமைகளுக்குச் சாப்பாடும் மிஞ்சாது, இடமும் மிஞ்சாது.

துரை, ராணி, பொடி மூன்று பேரையும் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை
ஜெனி


மேலகரம், தென்காசி
16.5.2025

அன்புத் தங்கை ஜெனிக்கு,

இங்கே இரண்டு காலும் நாலு காலும் ஆக எல்லாரும் நலம். மலைக்குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? காய்ச்சல் வந்தால் எங்களிடம் மறைக்காதே.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஏலம் முடிந்ததும் எல்லாரும் வீட்டுக்குக் காய் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நான் கீழே கிடக்கிற கீரையைப் பொறுக்குகிறேன். "என்னலே பெலிக்ஸ், ஆடு கீடு வளக்குதியா?" என்று கேட்டார் எங்கள் கமிஷன் கடை முதலாளி இசக்கியப்பன் அண்ணாச்சி. "ஆமை வளக்குதேன் அண்ணாச்சி" என்றேன். அன்றிலிருந்து நான் ஐந்து நிமிடம் பிந்தி வந்தாலும், "வளக்குதவனுக்கும் அந்த நடைதான வரும்" என்று கடை முழுக்கச் சிரிக்கிறார்கள். மீன்காரர் ஒலி முகம்மது கணவாய் ஓடு கொடுத்தார். மூன்றும் அதைக் கொறித்துத் தீர்க்கின்றன.

உன் சட்டதிட்டம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. கை கழுவிக் கழுவி என் ரேகையே அழிந்துவிடும் போலிருக்கிறது. பின்வாசலில் உன் மதினி வைத்த கற்பூரவல்லி குச்சி மாதிரி நின்றது அல்லவா, ஆமைத் தண்ணீர் குடித்து இப்போது காடாகக் கிடக்கிறது.

கடையத்து அத்தை போன வாரம் வந்திருந்தார்கள். மகளையும் பேத்தியையும் பார்த்தவுடன் அடுத்த பேச்சே ஆமைதான். "இது இருக்குத வீடு விளங்காது மாப்ள, முதல்ல ஆத்துல கொண்டு விடுங்க." நான் காது கேட்காதவன் மாதிரி இருந்துவிட்டேன்.

உன் சைக்கிளுக்கு வாரம் ஒரு தடவை காற்றடிக்கிறேன். நீ எப்போது திரும்பி வந்தாலும் இந்த மூன்றும் உன்னைக் கண்டுகொள்ளும். பொடி இன்னும் உன் அறை ஜன்னல் பக்கம்தான் தலையை நீட்டுகிறான்.

அண்ணன்
பெலிக்ஸ்


பெருமாள்மலை
7.6.2025

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்துச் சிரித்தேன். எனக்குக் காய்ச்சல் இல்லை. பாப்பாவின் எடை கூடுகிறதா?

சாரல் ஆரம்பித்தால் நம்மூரில் வாரக்கணக்கில் வெயில் வராது. வெயில் இல்லாவிட்டால் ஆமைக்கு ஓடு இளகும், கண் வீங்கும். மேல் அலமாரியில் இருக்கும் விளக்கை எடுத்துத் தொட்டிக் கல்லுக்கு மேலே கட்டு. வாரம் ஒரு தடவை ஓட்டை விரலால் அழுத்திப் பார். அமுங்கினால் உடனே எழுது.

இன்னொரு விஷயம். ஜூன் 15 முதல் ஜூலை 15 வரை எங்களுக்கு மௌன தியானம். ஒரு மாதம் பேச்சு இல்லை, கடிதம் இல்லை. வருகிற கடிதங்களை மதர் பிரிக்காமல் மேசை டிராயரில் போட்டு வைத்து, முடிந்ததும் தருவார். அதற்காக எழுதாமல் இருந்துவிடாதே. மொத்தமாகப் படித்துக்கொள்கிறேன்.

மதினிக்கும் ஜோவிதாவுக்கும் முத்தம்.

ஜெனி

சைக்கிளுக்கு ஏன் காற்றடிக்கிறாய்? யாராவது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கொடுத்துவிடேன்.


மேலகரம்
27.6.2025

அன்புத் தங்கைக்கு,

பேசாமல் இருக்கிற உனக்குப் பேசிக்கொண்டே இருக்கிற அண்ணன் எழுதுவது. மௌனம் எப்படிப் போகிறது? மதர் பாவம், முப்பது நாளில் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்திருப்பார்; உனக்கல்ல, அவருக்கு.

சாரல் பிடித்துவிட்டது. மெயின் அருவியில் ஆளுக்கு மேல் ஆள். மேலகரத்தில் வண்டி நகரவில்லை. துணி மூன்று நாளாகக் காயவில்லை. விளக்குக் கட்டிவிட்டேன், மூன்றும் அதன் அடியில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கின்றன. ஓடு கல் மாதிரி இருக்கிறது.

பாப்பாவுக்குத்தான் சளி. மூக்கு ஒழுகுகிறது, பால் குடிக்க முடியாமல் சிணுங்குகிறாள். உன் மதினி காலையில் நாலு கற்பூரவல்லி இலையைக் கசக்கிப் பிழிந்து, தாய்ப்பாலில் கலந்து கொடுக்கிறாள். அனலில் வாட்டிப் பிழிந்தால் சத்து போய்விடுமாம், கடையத்தில் பச்சையாகத்தான் பிழிவார்களாம். இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். எல்லாம் உன் ஆமைகளின் புண்ணியம்.

வேறு விசேஷம் இல்லை. உனக்காகவும் வேண்டிக்கொள், எங்களுக்காகவும் வேண்டிக்கொள்.

பெலிக்ஸ்


மேலகரம்
9.7.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

துரை 640 கிராம் இருக்கிறான். ராணி 710. பொடி 380. ராணி நேற்று கேரட் தின்னவில்லை, சின்ன மீன் இரண்டு தின்றாள். துரையின் ஓட்டில் ஒரு செதில் உரிந்தது. உன் குறிப்பில் பதினோராவதாக அது நல்லதுதான் என்று எழுதியிருக்கிறாய். விளக்கு காலை ஏழு மணியிலிருந்து மாலை நாலு வரை எரிகிறது. தண்ணீர் வாரம் இரண்டு தடவை மாற்றுகிறேன். பொடிக்கு வலது கண் லேசாக வீங்கி, இன்று குறைந்திருக்கிறது. கணவாய் ஓடு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மழை நிற்கவில்லை.

பெலிக்ஸ்


பெருமாள்மலை
17.7.2025
ஸ்பீட் போஸ்ட்

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. ஜோவிதா எப்படி இருக்கிறாள்?

மௌனம் முடிந்ததும் நேற்று எங்கள் எல்லாருக்கும் வீட்டுக்கு ஐந்து நிமிடம் பேச அனுமதி. "பாப்பா எப்படி இருக்கா?" என்று கேட்டேன். "நல்லா இருக்கா, தூங்குதா" என்றாய். அந்த நேரத்தில் உன் பின்னால் ஒரு பெண், "டோக்கன் பதினேழு, நிர்மலாதேவி டாக்டர் ரூம்" என்று கூப்பிட்டாள். என்ன சத்தம் என்று கேட்டேன். "டீக்கடையில நிக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். தென்காசியில் எந்த டீக்கடையில் டோக்கன் கொடுக்கிறார்கள்? நிர்மலாதேவி குழந்தை டாக்டர் என்பது எனக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகுதான் மதர் உன் இரண்டு கடிதங்களையும் தந்தார். ஒன்பதாம் தேதிக் கடிதத்தில் மூன்று ஆமைக்கும் எடை எழுதியிருக்கிறாய், பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்கு முந்தின கடிதத்தில் கற்பூரவல்லிச் சாறு என்று இருக்கிறது. அண்ணா, அந்தச் செடிக்கு நீ ஊற்றுவது ஆமைத் தண்ணீர். அதில் இருக்கிற கிருமி இலையில் ஒட்டும். வேகவைத்தால் செத்துவிடும். மதினி பச்சையாகப் பிழிகிறார்கள்.

கை கழுவச் சொன்னேன், அடுப்படியில் வைக்காதே என்றேன். எல்லாம் எழுதிவிட்டு, செடிக்கு ஊற்று என்றும் எழுதினேனே! அந்த எட்டாவது குறிப்பு என் கையெழுத்து.

அந்த இலையை இனி ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதே. செடியைப் பிடுங்கு. மதரிடம் மறுபடி அனுமதி வாங்கி நேற்று மாலை ஆறு தடவையும் இன்று காலை நாலு தடவையும் அடித்தேன், உன் போன் அணைத்துக் கிடக்கிறது. மதினியின் புது நம்பர் என்னிடம் இல்லை. ஆமை இருப்பதை டாக்டரிடம் சொல். சொல்லியிருக்க மாட்டாய் என்று எனக்குப் படுகிறது. அதனால் நானே அவருக்கும் எழுதுகிறேன். கோபித்துக்கொள்.

ஜெனி


பெருமாள்மலை
17.7.2025
ஸ்பீட் போஸ்ட்

மதிப்பிற்குரிய டாக்டர் நிர்மலாதேவி அம்மாவுக்கு,

வணக்கம். மேலகரம் பெலிக்ஸ் – ஜெபமலர் தம்பதியின் குழந்தை ஜோவிதா, ஆறு மாதம், உங்களிடம் சிகிச்சை பெறுவதாக நினைக்கிறேன். நான் குழந்தையின் அத்தை. என்ன நோய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

அந்த வீட்டில் மூன்று சிவப்புக்காது ஆமைகள் இருக்கின்றன. வளர்த்தவள் நான். அவற்றின் தொட்டித் தண்ணீரை ஊற்றி வளர்ந்த கற்பூரவல்லி இலையின் பச்சைச் சாற்றைக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறார்கள். என் அண்ணன் இதை மறைத்திருந்தால் அவனைத் திட்டுங்கள், ஆனால் குழந்தையைக் கவனித்த பிறகு திட்டுங்கள்.

பணிவுடன்
ஜெனி


மேலகரம்
23.7.2025

ஜெனி,

நான் ஜெபமலர். உன் உடம்பைப் பற்றிக் கேட்க எனக்கு இப்போது மனசு இல்லை, மன்னித்துக்கொள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் முப்பதாம் தேதி காய்ச்சலும் போக்கும் ஆரம்பித்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரி. குறைந்தது என்று வீட்டுக்கு வந்தோம். சளி மட்டும் இருந்தது, மறுபடி சாறு கொடுத்தேன். ஒன்பதாம் தேதி உடம்பு நெருப்பாகக் கொதித்தது, மறுபடி கொண்டுபோய்ச் சேர்த்தோம். ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, கிருமி ரத்தத்தில் கலந்திருக்கிறது என்றார்கள். மருந்தேறி, பதினாலாம் தேதி வீட்டுக்கு வந்தோம். அன்றைக்கும் கொடுத்தேன் ஜெனி. இளைத்துக் கிடக்கிறாளே, நெஞ்சுச் சளி இளகட்டும் என்று என் கையால் பிழிந்து, என் பாலில் கலந்து, என் மடியில் வைத்துக் கொடுத்தேன். பதினாறாம் தேதி மூன்றாவது தடவையாக அட்மிட். கைகளில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் காலில் தேடினார்கள். அழக்கூடச் சத்தம் வரவில்லை அவளுக்கு.

இரண்டாவது தடவை டாக்டரம்மா கேட்டார்கள், "வீட்ல ஏதும் வளக்குதீங்களா? கோழி, பறவை, ஆமை, இப்படி எதாவது?" உன் அண்ணன் பட்டென்று, "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்ன இப்படிச் சொல்கிறார் என்று திகைத்தேன். ஆனாலும் பேசவில்லை. அவர் கை கழுவுவதை நான் பார்த்திருக்கிறேன். தொட்டியை நான் தொட்டதே கிடையாது. அதனால் இருக்காது என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். டாக்டர் ஆமையைக் கேட்டது அம்மாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே ஆற்றில் போடச் சொல்வாள் என்பதும் மனசில் இருந்தது.

பத்தொன்பதாம் தேதி மத்தியானம் டாக்டரம்மா, நீ அவர்களுக்கு எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். மறுநாள் எங்களை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தது. "ஆமை இருக்காம்மா?" என்றார்கள். "இருக்கு" என்றேன். அவர்கள் உன் அண்ணனைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தொட்டித் தண்ணீரும் இலையும் சோதனைக்குப் போயின. இரண்டிலும் அதே கிருமி.

உன் கடிதம் ஒரு நாள் பிந்தியிருந்தால் நான் நாலாவது தடவையும் பிழிந்திருப்பேன். அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும். அந்த எட்டாவது குறிப்புக்கு உன்னை என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. உன் அண்ணனோடு நான் பேசுவதில்லை. என்னோடும் நான் பேசுவதில்லை.

செடியைப் பிடுங்கிவிட்டேன். ஆமைகள் இன்னும் இருக்கின்றன. இருக்கக் கூடாது.

ஜெபமலர்


பெருமாள்மலை
30.7.2025

அன்புள்ள மதினிக்கும் அண்ணனுக்கும்,

ஜோவிதாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது? பால் குடிக்கிறாளா?

மதினி, நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். உங்கள் கை அல்ல, என் குறிப்புத்தான் கொடுத்தது. இங்கே சாப்பிட முடியவில்லை, ஜெபத்தில் உட்கார முடியவில்லை. கண்ணை மூடினால் அந்தத் தாளின் எட்டாவது வரி தெரிகிறது.

மதரிடம் சொல்லிவிட்டேன். நான் வந்து ஆமைகளை எடுத்துக்கொள்கிறேன். அவற்றோடு எங்கேயாவது தனியாக இருந்துகொள்கிறேன். இப்போது வெளியேறினால் நொவிசியேட் என்கிற இந்தப் பயிற்சி அத்தோடு முடிந்தது, மறுபடி எடுப்பார்களா என்பது தெரியாது. பரவாயில்லை. உங்கள் பதில் வந்ததும் கிளம்புகிறேன்.

ஜெனி


மேலகரம்
6.8.2025

அன்புத் தங்கை ஜெனிக்கு,

பாப்பா நலம். 5 கிலோ 900. இந்த முறை முதலில் அவள் எடையை எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தில் "கிளம்புகிறேன்" என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். உன் மதினி அடுப்படியில் என்னோடு பேசாமல் நிற்கிறாள், பிள்ளையின் காலில் ஊசித் தழும்பு இருக்கிறது, எனக்குச் சந்தோஷம் வருகிறது. அப்போதுதான் என்னை எனக்கே தெரிந்தது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

அத்தைக்குப் பயந்து பொய் சொன்னேன் என்று ஜெபா நினைத்துக்கொண்டிருந்தாள். அதில்லை. அம்மா இறந்தபோது உனக்கு ஒன்பது வயது. உனக்குச் சடை பின்னிவிடத் தெரியாமல் அடுத்த வீட்டு மாஜிதா அக்காவிடம் போய்க் கற்றுக்கொண்டு வந்தவன் நான். நீ மடத்துக்குப் போகிறேன் என்றபோது சரி என்றேன், சிரித்தேன், பஸ் ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆமை இருக்கிறது. இதை விட்டுவிட்டு இவளால் அங்கே இருக்க முடியாது, ஒரு வருடத்தில் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்காகத்தான் கீரை பொறுக்கினேன், எடை போட்டேன். டாக்டர் கேட்டபோது, சொன்னால் ஆமை போய்விடும், ஆமை போனால் நீ வருவதற்கு ஒன்றும் இருக்காது என்றுதான் வாயில் "இல்லை" வந்தது. என் பிள்ளை கட்டிலில் கிடக்கும்போது நான் உன்னை நினைத்துப் பொய் சொன்னேன். இதை இன்று காலை ஜெபாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போன திங்கள் மூன்றையும் தக்காளிப் பெட்டியில் போட்டுச் சிற்றாற்றுப் பாலம் வரைக்கும் கொண்டுபோனேன். விடவில்லை. அந்த ஒரு பேச்சையாவது காப்பாற்றினேன்.

என்றைக்கு வருகிறாய் என்று எழுது. பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன்.

பெலிக்ஸ்


பெருமாள்மலை
14.8.2025

அன்புள்ள அண்ணா,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று எப்போதும் எழுதுவதுபோல் இன்று எழுத முடியவில்லை. உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம். அழுகையும்.

நான் வரவில்லை.

போன கடிதத்தைப் பயத்தில் எழுதினேன். நான் வந்தால் நீ சொன்ன பொய்க்குக் கூலி கொடுத்ததுபோல் ஆகிவிடும். அதைப் பிள்ளை உடம்பிலிருந்து எடுத்துக் கொடுக்க எனக்கு இஷ்டம் இல்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சைக்கிளுக்கு ஏன் காற்றடிக்கிறாய் என்று கேட்டுவிட்டு, சொல்லாமல் விட்டுவிட்டேன். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது அண்ணா. திரும்பி வருவதாக நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. நீ மனசு ஒடிந்துபோவாய் என்று பூசி மெழுகினேன். அன்றைக்கே உடைத்துச் சொல்லியிருந்தால் நீ அந்தத் தொட்டியை இப்படிக் கட்டிக்கொண்டு இருந்திருக்க மாட்டாய்.

நான் படித்த கல்லூரியின் விலங்கியல் துறையில் கம்பி வலை போட்ட சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. அங்கே எனக்குப் பாடம் எடுத்த அபர்ணா மேடத்துக்கு எழுதிக் கேட்டேன். எடுத்துக்கொள்கிறார்கள். உனக்கு அவர்களே போன் செய்வார்கள். கொடுத்துவிடு.

எனக்குச் சடை பின்னிவிட்ட கைதான் என் தலையில் இன்னும் இருக்கிறது. முடியை வெட்டிவிட்டார்கள், அந்தக் கையை யாராலும் எடுக்க முடியாது.

மதினியின் காலில் விழுந்ததாக நினைத்துக்கொள்ளச் சொல். ஜோவிதாவுக்கு என் முத்தம்.

ஜெனி


மேலகரம்
25.8.2025

அன்புத் தங்கை ஜெனிக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். நீ நலமாக அங்கேயே இரு.

சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். காய்கறி டெம்போவில்தான் போனேன். இசக்கியப்பன் அண்ணாச்சி ஒரு கேலியும் செய்யாமல் சாவியைக் கொடுத்தார். மேடம் எடையைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், நான் பார்க்காமலே சொன்னேன். துரையும் ராணியும் தண்ணீரில் விட்டதும் ஓடிவிட்டார்கள். பொடி கொஞ்ச நேரம் என் கையிலேயே இருந்தான்.

ஜெபா நேற்று, "சாப்பிட வாங்க" என்றாள். முப்பத்தாறு நாளைக்குப் பிறகு முதல் வார்த்தை. பிரிட்ஜில் இருந்த உன் தாளை அவளே கிழித்தாள், பன்னிரண்டையும் சேர்த்து. சைக்கிளைப் பக்கத்துத் தெரு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன்.

ஜோவிதா தவழ ஆரம்பித்துவிட்டாள். விட்டால் நேராகப் பின்வாசலுக்குத்தான் போகிறாள். அங்கே ஒன்றும் இல்லை. தொட்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைத்திருக்கிறேன். தண்ணீரைச் செடிக்கு ஊற்றவில்லை.

முடித்துவிட்டுச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன்.

உன் அண்ணன்
பெலிக்ஸ்